கஸ்தெல்மோலாவில் ஒன்றரை மணி நேரம்

பலெர்மோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. போனில் பேசத் தொடங்கினால் "லண்டனுக்கு எப்போது வருகிறீர்கள்?" என்று பேச்சை அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன கிழமை கஸ்தெல்மோலா என்ற மலையூருக்குப் போனேன். கல்யாணமான புதிதில் கணவரோடு போன பியாற்சாவை, அந்த ஊர்ச் சதுக்கத்தை, இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று நான் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, மூன்று மாதமாக ஒரே பிடிவாதம். கடைசியில் அவருடைய மகன் காரை எடுத்தார். கைத்தடி, மாத்திரைப் பெட்டி, தலையணை, நான் எல்லாம் பின் இருக்கையில்.

தவோர்மீனா நகரத்தைத் தாண்டிய பிறகு பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் சிஞ்ஞோரா பலெர்மோவின் காவல் புனிதை சாந்த ரொசாலியாவைக் கூப்பிட்டார். நான் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். யார் காப்பாற்றினார்களோ, பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தோம். கடல்மட்டத்திலிருந்து 529 மீற்றர் உயரமாம். பனைமரத்தை விட உயர்ந்த எதையும் காணாத ஊரில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கு விளங்காது. எட்டிப் பார்த்தபோது வயிறு கலங்கியது, அப்போது விளங்கியது.

பெரிய சதுக்கம் என்று நினைத்துவிடாதே. நம் ஊர்க் கோயில் முன்வீதி அளவுதான் இருக்கும். தரையில் வெள்ளைக் கல்லும் எரிமலைக் கருங்கல்லும் கோலம்போலப் பதித்திருக்கிறார்கள். கைப்பிடிச்சுவரோடு நிலம் முடிந்துவிடுகிறது. கீழே தவோர்மீனாவின் கூரைகள், அதற்கும் கீழே நாக்சோஸ் வளைகுடா. வலப்பக்கம் எத்னா எரிமலை, சமையல் முடிந்த அடுப்புப்போல மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் தூரத்தில் இத்தாலிப் பெருநிலத்தின் கலாப்ரியாக் கரை. கி.மு. 734-ல் கிரேக்கர்கள் சிசிலியில் முதன்முதலாகக் குடியேறியது அந்த வளைகுடாவில்தான் என்று மகன் சொன்னார். அவர்களும் கடல் தாண்டி வந்த ஆட்கள்தானே. அவர்களிடம் யாரும் விசா கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊர்க் கிழவர்கள் நாலு பேர் எத்னாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எதற்கோ சண்டை பிடித்தார்கள். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஊரின் பாதாம் வைன் பேர்போனது. சிஞ்ஞோரா விடவில்லை, ஒரு மிடறு குடித்தேன். முதலில் இருமலுக்குக் குடிக்கும் பாணி மருந்துபோல இருந்தது. இரண்டாவது மிடறு அவ்வளவு மோசமில்லை. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

சிஞ்ஞோரா ஒன்றும் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். எனக்குச் செய்ய வேலை இல்லை. மகளே, இருபத்தேழு வருடம் இந்தத் தீவில் இருக்கிறேன். நான் பார்த்த கடலெல்லாம் மற்றவர்களின் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கும்போது பார்த்த கடல். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் உன்னையும் இழுத்துக்கொண்டு ஏறிய ஞாயிறுகளில்கூட, ரொசாலியா அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி, நேரத்தோடு இறங்கி வேலைக்கு ஓட வேண்டும் என்பதுதான் நினைப்பு. நீ கால் நோகிறது என்று அழுவாய். "கடலைப் பார் குஞ்சு" என்று உன்னைப் பராக்குக் காட்டுவேன். நான் பார்த்தேனா? இல்லை. கஸ்தெல்மோலாவில் ஒன்றரை மணி நேரம் பார்த்தேன்.

திரும்பும்போது தவோர்மீனாவில் 'ஏப்ரல் 9' பியாற்சாவில் கிரானித்தா ஐஸ் சாப்பிட்டோம். விலையை எழுதினால் நீ திட்டுவாய். இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி மர்சாலாத் துறைமுகத்தில் இறங்கிவிட்டார் என்று 1860-ல் அந்தத் தேதியில் ஒரு வதந்தி வந்ததாம். அவர் உண்மையில் வந்தது மே 11. பொய்ச் செய்தி வந்த நாளின் பெயரையே சதுக்கத்துக்கு வைத்துவிட்டார்கள்! இந்த மனிதர்களை எனக்குப் பிடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீ கேட்டதற்குப் பதில்: வருவேன், இப்போது இல்லை. சிஞ்ஞோராவை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லலாம். ஆனால் அது பாதி உண்மை. இங்கே உழைத்தது போதும், இனிக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன்.

செப்டம்பர் 4 ரொசாலியா திருநாளுக்கு நீ வா. மலை ஏறுவோம். பிறகு ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் கஸ்தெல்மோலா போவோம். பின்னேரம் நிழல் விழும் இருக்கை எது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா