களப்பணி என்றால் கையெழுத்து வாங்குவது மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் களப்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். படிப்பின் பகுதியாக அவர்கள் மக்களை நேரில் சந்தித்துப் பேசிவிட்டு வந்து எழுதும் அறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. சமீபத்தில் ஒரு மாணவி கொண்டு வந்த அறிக்கையில் ஒரு வரி: "அந்த அம்மா அழுதார், நான் ஆறுதல் கூறினேன்." சரி, என்ன சொல்லி ஆறுதல் கூறினாய் என்று கேட்டேன். "அழாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன் மேடம்." சரியாகிவிடும் என்று உனக்கு யார் சொன்னது? பதில் இல்லை. அப்புறம் அவர் என்ன செய்தார் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். மகனைப் பற்றி என்னவோ சொல்ல வந்தவர் சொல்லாமலே போனார், அவர் வாயை நாமே அடைத்துவிட்டோம் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனைக்கும் நேர்காணலில் மௌனத்தின் இடம் என்ன என்று பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு நன்றாகவே எழுதியவர்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வந்த நேரம், போன நேரம், மொத்த மணி, முத்திரை, கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இதே மாணவி என்னிடம் வருவதற்கு முன்பு வேறோர் இடத்தில் ஒரு பருவம் முழுக்கப் பழைய ஃபைல்களை வருடவாரியாக அடுக்கி, விழாக்களில் போட்டோ எடுத்து, பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். மணிக்கணக்கில் ஒரு குறையும் இல்லை! முழு மார்க்.

மணிக்கணக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் இளநிலைக்கு 400 மணி, முதுநிலைக்கு 900 மணி குறைந்தபட்சக் களப்பணி என்று வைத்திருக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் 1,000 மணி, இங்கிலாந்தில் 200 நாள், அதில் 30 நாள் திறன் பயிற்சிக்கு. கணக்கு இல்லாவிட்டால் களப்பணியை வெட்டிவிட்டு இன்னொரு தியரி பேப்பரைச் செருகிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மணி என்பது உள்ளே நுழைய டிக்கெட், அவ்வளவுதான்.

மருத்துவ மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த மருத்துவர் கட்டிலுக்குக் கட்டில் கூட்டிப் போய், நோயாளி முன்னாலேயே கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துகிறார். எங்கள் மாணவர்? ஒரு வீட்டுக்குள் தனியாகப் போய், கதவுக்குப் பின்னால் பேசிவிட்டு வருகிறார். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க எங்களுக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அவர் எழுதும் அறிக்கை. அதில் "நல்லுறவை ஏற்படுத்தினேன்", "ஆலோசனை வழங்கினேன்" என்று சீனியரின் நோட்டிலிருந்து வரும் வரிகள்தான் இருக்கும் என்றால் ஜன்னலும் மூடியாயிற்று. அவர் சொன்னது, நான் சொன்னது, அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது என்று பேச்சுக்குப் பேச்சு எழுதச் சொல்லும் பழைய முறைக்கு இதனால்தான் மதிப்பு. கை வலிக்கும், மாணவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. இங்கிலாந்தில் மேற்பார்வையாளர் உடன் உட்கார்ந்து நேரில் கவனிப்பதும் உண்டு, மேற்பார்வையாளருக்கென்றே தனிப் பயிற்சியும் உண்டு.

இது புதுசாகக் கண்டுபிடித்த ஞானம் ஒன்றும் இல்லை. 1898-ல் நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைகால வகுப்பாக இந்தப் படிப்பு தொடங்கியபோதே, வீடு வீடாகப் போய் உதவி செய்துகொண்டிருந்தவர்களுக்கு நல்ல மனசு மட்டும் போதாது என்பதுதான் காரணம். 1936-ல் பம்பாயில் டாடா அறக்கட்டளை தொடங்கிய சமூகப்பணிப் பள்ளியின் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், அதற்குப் பல வருடம் முன்பே அதே ஊரின் நாக்பாடா பகுதியில் ஒரு சமுதாய மையத்தை நடத்திக்கொண்டிருந்தவர். முதலில் களம், அப்புறம்தான் வகுப்பறை. நாம் அதைத் தலைகீழாக்கி, வகுப்பறைக்கு மிச்சமான நாளைக் களத்துக்குக் கொடுக்கிறோம்.

நானும் யோக்கியம் இல்லை. கேஸ் குவிந்து கிடக்கும் வாரங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மாணவர் வேண்டுமென்றே ஒரே அறிக்கையைத் தேதி மட்டும் மாற்றி இரண்டு வாரம் கொடுத்தார், இரண்டிலும் என் கையெழுத்து இருந்தது! அவர் அதைக் காட்டியபோது கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. மாணவரை எடுத்துக்கொள்வதற்காக எங்கள் வேலையில் ஒரு கேஸைக்கூட யாரும் குறைப்பதில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லூரி ஆசிரியரோ ஒரு போன் போட்டு "பையன் ஒழுங்கா வர்றானா?" என்று கேட்பதோடு சரி. வருகிறான் ஐயா, வந்து என்ன செய்கிறான் என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகுதிநேர வேலை செய்து படிக்கும் பிள்ளைகள் சம்பளமில்லாமல் மாதக்கணக்கில் களத்தில் நிற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை முதல், தகுதியுள்ள சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சிக் காலத்தில் அரசே உதவித்தொகை கொடுக்கிறது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரும் மாணவரும் உட்கார்ந்து பேசுவதைக் கால அட்டவணையிலேயே போடுங்கள், அந்த ஒரு மணிக்காக மேற்பார்வையாளரின் வேலையில் கொஞ்சம் குறையுங்கள், மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர் பருவத்துக்கு இரண்டு தடவையாவது களத்துக்கு நேரில் வரட்டும்.

அந்த மாணவியின் அடுத்த வார அறிக்கை இப்போது என் மேஜையில் இருக்கிறது. "என்ன சொல்வதென்று தெரியவில்லை, சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேச ஆரம்பித்தார்" என்று எழுதியிருக்கிறார். கீழே என்ன பேசினார் என்று இரண்டு பக்கம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, நாளை உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போடுவேன்.

இப்படிக்கு,
ஒரு களப்பணி மேற்பார்வையாளர்