காடி வெட்டும் முன் சுமை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லேத்தையும் ஆயில் என்ஜினையும் மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஷாஃப்டை (சுழலும் தண்டை) தாங்கும் பேரிங்கின் உள்ளே ஒயிட் மெட்டல் என்ற மெத்தென்ற உலோகக் கலவையைப் பக்குவமாக உருக்கி ஊற்றிவிட்டு, கடைசி வேலையான எண்ணெய்க் காடியில், அதாவது எண்ணெய் ஓடும் பள்ளத்தில், பேரிங்கைக் கெடுத்துவிடுகிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மேல் பாதி கீழ்ப் பாதி இரண்டிலும் பெருக்கல் குறியாகக் காடி வெட்டினால்தான் எண்ணெய் எங்கும் பரவும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு.

சுழலும் ஷாஃப்ட் எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், சுமை விழும் இடத்தில் குறுகலான இடைவெளிக்குள் நெருக்குகிறது. அந்த அழுத்தம்தான் ஷாஃப்டைத் தாங்குகிறது. அதே இடத்தில் காடி இருந்தால் அழுத்தம் அதன் வழியே வடிந்துவிடும். எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். வெள்ளீயம் மிகுந்த ஒயிட் மெட்டல் 240 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும் என்பதால், உரசும் பேரிங் அதிக நேரம் தாங்காது.

ஆகவே காடிக்கு உரியது சுமை இல்லாத பக்கம். அது எப்போதும் மேல் பாதிதான் என்று நினைத்துவிடக் கூடாது. பெல்ட் மேல்நோக்கி இழுத்தால் சுமை மேல் மூடியில் விழும். அங்கே உள்ள எண்ணெய்த் துளை அடைபட்டதற்குச் சமம். பழைய உலோகத்தை உருக்கி எடுப்பதற்கு முன்பே, பளபளத்துத் தேய்ந்த பக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

முதலில் ஷாஃப்டில் நீலச் சாயம் தடவி, அது ஒட்டிய மேடுகளை ஸ்கிரேப்பரால் சுரண்டி, ஷாஃப்டைச் சீராகப் படியவைத்து, இரு பாதிகளுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். 50 மி.மீ. ஷாஃப்டுக்கு சுமார் 0.05 மி.மீ. போதும். அதன் பிறகுதான் காடி. இந்த அளவுக்கு 3 முதல் 4 மி.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. ஆழம் சரியாக இருக்கும். ஊற்றிய உலோகம் மெல்லியதாக இருந்தால் ஆழத்தை இன்னும் குறைக்க வேண்டும். துளையிலிருந்து இரு புறமும் நேராக ஓடும் ஒரே காடி போதும். முனைகளுக்கு 10, 12 மி.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும். முனை வரை இழுத்தால் எண்ணெய் வெளியே கொட்டுமே தவிர உள்ளே நிற்காது.

பழைய உருண்டை அரத்தின் நுனியைச் சாணை பிடித்தால் நல்ல உளி கிடைக்கும். மெல்லிய சீவலாகப் பல தடவை எடுக்க வேண்டும். ஒரே அடியில் ஆழமாக இறக்கினால் ஊற்றிய உலோகம் பேரிங்கின் வெளி ஓட்டிலிருந்து விட்டுப்போகலாம்.

பலர் விட்டுவிடுவது விளிம்பு வேலையைத்தான். கூர்மையான விளிம்பு ஷாஃப்டின் மேலுள்ள எண்ணெயை வழித்துவிடும். இரு விளிம்பையும் மழுக்கி, ஷாஃப்ட் சுழன்று போகும் பக்கத்து விளிம்பை மட்டும் நீண்ட சரிவாகச் சுரண்டிவிட்டால் எண்ணெய் தானே உள்ளே இழுபடும். இரு பாதிகளும் சேரும் கோட்டின் ஓரங்களையும் இப்படியே சரிவாக்க வேண்டும். அதுவும் முனைக்கு முன்பே நிற்கட்டும். மெதுவாக ஓடும் சிறிய பேரிங்குக்கு இந்தச் சரிவும் மேலே ஒரு நேர்க்காடியும் தாராளம்.

எமரித் தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதன் துகள் மெத்தென்ற உலோகத்தில் பதிந்து, அங்கேயே இருந்து ஷாஃப்டை அறுக்கும். பிசிரை ஸ்கிரேப்பரால் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, துளையில் காற்று அடித்துச் சீவல் எதுவும் தங்கவில்லை என்று பார்த்த பிறகே மூடியைப் பூட்ட வேண்டும்.

கிரீஸ் போடும் பேரிங் என்றால் காடி இன்னும் அகலமாக வேண்டும், கிரீஸ் தானாக ஓடிப் பரவாது என்பதால். அங்கும் சுமைப் பக்கத்தைத் தொடக் கூடாது. முதல் ஓட்டத்தைச் சுமையின்றி நடத்தி, நிறுத்தி நிறுத்தி மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் உடனே நிறுத்தி, கழற்றி, பளபளத்த இடத்தைச் சுரண்டிய பிறகே மறுபடி ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஃபிட்டர் ஒருவர்