பள்ளத்தாக்குப் பாதையில் சைக்கிள் பயணம்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதம் மலைப் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிப் போகும் தார்ப் பாதைக்குச் சைக்கிளில் அழைத்துப் போகிறோம். கார், லாரி வராத பாதை என்பதால் பலருக்கும் நிம்மதி. எனக்கும்தான். ஆனால் சுமார் 3 மீட்டர் அகலத்துக்குள் நடப்பவர்கள், ஓடுபவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர்கள், நாயோடு வருபவர்கள் எல்லாரும் போகவேண்டும்.

போன முறை ஒரு வளைவில் நம் மாணவி ஒருத்தி ஆற்றைப் பார்க்கப் பாதை நடுவிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த பெரியவர் பிரேக் பிடித்துப் புல்லில் விழுந்தார். நல்லவேளை, அடி இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். வளைவில் அந்த ஒரு நொடிகூடக் கிடைக்காது. நிற்பதென்றால் ஓரமாக வந்து, பாதையை விட்டு இறங்கி, அப்புறம்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் சைக்கிளும் அந்தப் பக்கமே சாய்கிறது. காலி மைதானத்தில் ஒரு கோடு போட்டு, கோடு விலகாமல் பின்னால் பார்க்கப் பழக்குங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். யாரையாவது முந்தும்போது தூரத்திலேயே பெல் அடித்து, வேகத்தைக் குறைத்து, அவர் ஒதுங்கிய பிறகு போகட்டும். முதுகுக்குப் பின்னால் வந்து பெல் அடித்தால் நடப்பவர் மிரண்டு குறுக்கே வந்துவிடுவார்.

வெயில் ஏற ஏற, காற்று பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே வீசும். காலையில் ஏறும்போது அது முதுகில் தள்ளும், உற்சாகமாக இருக்கும். திரும்புவது இறக்கம்தானே என்று பிள்ளைகள் நினைப்பார்கள். சரிவு மிகக் குறைவு, எதிர்க்காற்றில் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் எங்கே இருந்தாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவோம். "கடைசி வரை போகவில்லையே" என்று வருத்தப்பட்டால் நீங்களும் எங்கள் பக்கம் நின்று சொல்லுங்கள்.

மலை வெயிலை மறைத்தால் சட்டென்று குளிரும், ஒரு ஜாக்கெட் கொடுத்தனுப்புங்கள். ஹெல்மெட் இல்லாதவரை அழைத்துப் போக மாட்டோம். வாங்கும் வசதி இல்லையென்றால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள், பள்ளியில் இருக்கிறது. சம்மதக் கடிதமும் சைக்கிளும் வெள்ளிக்கிழமை காலை வந்துவிடட்டும்; பிரேக்கை அன்றே பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்