காரின் ஒலியமைப்பும் மின்சாரக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் பெரிய ஆம்ப்ளிஃபயர் பொருத்துபவர்கள் வாட் எண்ணைக் கேட்கிறார்களே தவிர, அந்த மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை. தொடர்ந்து 1,000 வாட் வெளியிடும் ஆம்ப்ளிஃபயர் 80 சதவீதத் திறனுடன் (இழுப்பதில் 80 சதவீதத்தை வெளியிடும்படி) இயங்கினால் அது 1,250 வாட்டை இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது சுமார் 90 ஆம்பியர். பாட்டின் ஏற்ற இறக்கத்தால் சராசரித் தேவை இதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் முகப்பு விளக்கு, குளிர்சாதனம், எஞ்சின் பற்றவைப்பு ஆகியவற்றுக்கும் மின்சாரம் தரவேண்டிய ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி), வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடுகையில் தன் முழு அளவைத் தருவதில்லை என்பதால், பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்ட, ஒவ்வொரு தாள அடிக்கும் விளக்கு மங்குகிறது.

இதற்கு, மின்சாரத்தைச் சிறிதளவு சேமித்து வைக்கும் கெபாசிட்டரே மருந்து என்று பலர் விற்கிறார்கள். அது நொடிப்பொழுது சரிவைத் தாங்குமே ஒழிய, மின்சாரத்தை உற்பத்தி செய்யாது.

கம்பியில் சிக்கனம் பார்ப்பது இன்னும் மோசம். செம்பு பூசிய அலுமினியக் கம்பி அதே தடிமனுள்ள தூய செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இல்லாவிட்டால், கம்பி உரசிக் குறுக்குச்சுற்று நேரும்போது தீப்பிடிக்கலாம். ஃபியூஸின் அளவும் அந்தக் கம்பி தாங்கும் ஆம்பியரை மீறக்கூடாது. ஏனெனில் அது காப்பது கம்பியையே, ஆம்ப்ளிஃபயரை அல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்