பழைய காரின் பளபளப்புக்கும் ஒரு பில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்களை நிறுத்தி, அங்கேயே ஃபிலிமை உரித்து அபராதம் போட்ட செய்தியைப் போன வாரம் உங்கள் நாளிதழில் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். படத்தில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் கதை எனக்குத் தெரியாது, ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் தாம்பரத்தில் அதே மாதிரி நின்ற ஆள் நான். அந்த ஃபிலிமை ஒட்டியது நான் இல்லை. எனக்கு முன்னால் அந்தக் காரை வைத்திருந்தவரோ, அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த புரோக்கரோ ஒட்டியது. அதைச் சொன்னேன். "வண்டி இப்ப யாரு பேர்ல சார் இருக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார் அந்த எஸ்ஐ. என் பேரில்தான் இருந்தது. கட்டிவிட்டு வந்தேன்.

அபராதம் தப்பு என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. பழைய கார் வாங்குகிறவன் அதோடு சேர்த்து முந்தைய ஆளின் ரசனை, அவசரம், சில நேரம் அவர் மறைக்க நினைத்தது எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்குகிறான், அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட யாரும் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் வாங்கியது 2016 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், நடுத்தர ரகம். பார்த்தவுடனே மயங்கிவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். முன்னால் பளபளவென்று ஸ்டீல் புல் கார்டு (பம்பருக்கு முன்னால் மாட்டுகிற குழாய்த் தடுப்பு), கதவெல்லாம் குரோம் கார்னிஷ், உள்ளே சிவப்பும் கறுப்பும் கலந்த சீட் கவர், புத்தம் புதிய ஃப்ளோர் மேட்டிங், பத்து அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. "சார், வெறும் அக்ஸசரீஸே எம்பதாயிரத்துக்கு மேல போட்ருக்காங்க, அது உங்களுக்கு ஃப்ரீ மாதிரி" என்றார் புரோக்கர். ஃப்ரீ என்றதும் எனக்கு மூளை வேலை செய்யாமல் போய்விடும், வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும்.

ஏசி போட்டால் ஒரு வாடை வந்தது. ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டு மறந்த மாதிரி. கற்பூரம் வைத்தேன், காபித்தூள் வைத்தேன், ஏசி ஃபில்டரை மாற்றினேன், போகவில்லை. சரி, மேட்டிங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று சீட் வேலை செய்கிற பாயிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் முன் சீட் இரண்டையும் போல்ட் கழற்றி வெளியே வைத்துவிட்டு, மேட்டிங்கின் ஓரத்தை நிமிண்டித் தூக்கினார். கீழே கம்பெனி கார்ப்பெட். அதையும் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சு மெத்தைக்கும் தகட்டுக்கும் நடுவே, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிற மாதிரி சாம்பல் நிற வண்டல். பாய் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் பக்க சீட் பெல்ட்டைப் பிடித்து முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தார், எல்லோரும் பாதிதானே இழுப்போம், அவர் கடைசிவரை இழுத்தார். சுருளுக்குள் மறைந்திருந்த பகுதியில் ஒரு ஜாண் நீளத்துக்குப் பழுப்புக் கறை. "மிக்ஜாம் தண்ணி சார்" என்றார்.

நான் முடிச்சூர்க்காரன். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் படகு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எந்த வண்டியை எங்கே மேடேற்ற வேண்டும் என்று அக்கம்பக்கத்துக்கு வகுப்பெடுத்தவன். எனக்கே வெள்ளத்தில் மூழ்கிய காரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் புது ஃப்ளோர் மேட்டிங் அழகுக்குப் போட்டதே இல்லை, மூடுவதற்குப் போட்டது. தடித்த ரெக்ஸின் மாதிரி அது, ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும், மேலே பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். சீட் நகர்கிற தண்டவாளத்தின் அடிப்பக்கம், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற திருகுகள், ஸ்பேர் டயர் கிடக்கிற பள்ளம், இந்த மூன்றிலும் துருவைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவன்.

அதற்கப்புறம் எலெக்ட்ரீஷியனிடம் போனோம். ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, காலடியில் எரிகிற நீல விளக்கு, எல்லாவற்றுக்கும் கம்பெனி ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப் வெயிலில் பசை விட்டுப் பிசுபிசுவென்று கழன்று கிடந்தது. இதற்கெல்லாம் கப்ளரோடு ஒயர் செட் கடையிலேயே கிடைக்கிறது, செருகினால் போதும், ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம், சில நூறு ரூபாய் கூட ஆகும், அவ்வளவுதான். ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு இருந்தது. அந்த இடத்துக்கு வர வேண்டியது 60/55 வாட். பேட்டரியிலிருந்து பல்புக்குத் தனி ஒயரில் மின்சாரம் கொடுக்கிற ரிலே கிடையாது, பழைய மெல்லிய ஒயரிலேயே அவ்வளவு மின்சாரமும் ஓடியிருக்கிறது. ஹோல்டர் பழுத்து, ஒரு மூலையில் உருகி, ரிஃப்ளெக்டரின் பூச்சு பாலாடை மாதிரி பொரிந்திருந்தது. எதிரே வருகிறவர்கள் ஏன் என்னைப் பார்த்து டிம், டிம் என்று லைட்டை அடித்துக் காட்டினார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எல்இடி மாற்றினால் கூசாது என்று ஒரு கடையில் சொன்னார்கள். கூசும். ஃபிலமென்ட் எந்தப் புள்ளியில் எரியுமோ அதைக் கணக்கு வைத்துத்தான் அந்தக் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள், அங்கே வேறு வடிவத்தில் வெளிச்சத்தைச் செருகினால் அது சிதறி எதிரே வருகிறவன் கண்ணில்தான் போய் விழும். ஜிஎஸ்டி சாலையில் ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புல் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. "மோதினா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றுதான் இன்றும் விற்கிறார்கள். வண்டிக்கு ஆக வேண்டும் என்பதற்காகத்தானே முன்பக்கத்தை அப்படிச் செய்திருக்கிறார்கள். இடித்தால் அது மடங்கி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கம்பி சேஸிஸில் நேராகப் பிணைத்திருப்பதால் அடி அப்படியே உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது, ஏர்பேக் விரிய வேண்டிய நேரக் கணக்கும் குழம்புகிறது. நடந்து போகிறவர் மேல் இடித்தால் சொல்லவே வேண்டாம், பம்பர் பிளாஸ்டிக்குக்கும் இரும்புக் குழாய்க்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா.

இவ்வளவு சொல்கிறேனே, என் வீட்டுத் தவறு ஒன்று. டேஷ்போர்டில் இடதுபக்கம் பிள்ளையாரை நாங்கள்தான் பசை வைத்து ஒட்டினோம், நல்ல கனமான பித்தளைப் பிள்ளையார். அவர் உட்கார்ந்திருந்தது ஏர்பேக்கின் மூடி மேல், அங்கே எழுத்தே பொறித்திருக்கிறது, யார் படித்தது? அந்தப் பை சுமார் 30 மில்லிசெகண்டில் விரியும். விரிந்தால் பிள்ளையார் நேராக என் மனைவி முகத்துக்கு வருவார். இப்போது ஸ்டீரியோவுக்குக் கீழே, நாணயம் போடுகிற பள்ளத்தில், சின்னதாக வேறொருவர் இருக்கிறார்.

காரை அலங்கரிக்கவே கூடாது என்கிற ஆள் இல்லை நான். பழைய காரை நம் காராக மாற்றிக்கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, புதுக் காரில் அது கிடைக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன், புதுப்பேட்டையில் கம்பெனி ஹெட்லைட் ஒரு ஜோடி நல்ல நிலையில் தேடி எடுத்தேன், அது பெரிய சுகம். அலாய் வீலும் போட்டேன். கடைக்காரர் 17 அங்குலம்தான் கெத்து என்றார். என் காரில் வந்தது 165/80 ஆர்14 டயர், அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், வீல் 14 அங்குலம், அதில் டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர் உயரம். அவர் சொன்ன 205/45 ஆர்17 போட்டால் அது 92 ஆகிவிடும். மழைக்கு அப்புறம் எங்கள் பக்கத்துச் சாலைப் பள்ளத்தில் அந்த 40 மில்லிமீட்டர் ரப்பர் இல்லாமல் போனால் வீல்தான் வெடிக்கும். அதே காரின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்திருந்தது, மொத்த விட்டத்தில் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அதைப் போட்டேன், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. பாய் புது சீட் கவர் தைத்துக் கொடுத்தார், பழுப்பு நிறம், அளவெடுத்து. ஆக மேல் ரகத்தில் கம்பெனி என்ன கொடுத்ததோ அதுவரை போவது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

ஆனால் எது கூடும், எது கூடாது என்று ஒரு சாதாரண ஆள் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? ஃபிலிமையே எடுத்துக்கொள்ளுங்கள். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே போக வேண்டும் என்பது விதி. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எவ்வளவு வெளிச்சம் போனாலும் சரி, ஃபிலிமே ஒட்டக் கூடாது என்றது. அப்புறம் விதியைத் திருத்தி, 2021 ஏப்ரல் முதல் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடிக்கு இடம் கொடுத்தார்கள். அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அந்தச் சதவீதத்துக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்றது. கடைக்காரர் இதில் தனக்குத் தோதான பகுதியை மட்டும் சொல்கிறார், சாலையில் நிற்கிற காவலர் 2012-ஐச் சொல்கிறார், நடுவில் நாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விதியை மீறிய வண்டியை விற்கிற டீலருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் புல் கார்டை ஷட்டர் முன்னால் வரிசையாகத் தொங்கவிட்டு விற்கிறவர் டீலர் இல்லையே, அக்ஸசரீஸ் கடைக்காரர். அவரிடம் பில் கேட்டால் "ஃபிட்டிங் சார்ஜ்" என்று ஒரு வரி எழுதித் தருவார், எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பழைய கார் வாங்கி விற்கிறவர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. வண்டி அவர்கள் கைக்கு வந்ததையும் தெரிவிக்க வேண்டும். அதில் இன்னும் ஒரு பக்கம் சேர்த்தால் என்ன? இந்தக் காரில் கம்பெனி கொடுக்காத பொருள்கள் இவை, இன்ன தேதியில் பொருத்தியது, இந்த ஒயர் வெட்டப்பட்டது, கார்ப்பெட் தூக்கிப் பார்க்கப்பட்டது என்று எழுதி, விற்கிறவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நேரடியாகக் கைமாறுகிற கார்களுக்குப் பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 கொடுக்கும்போதே அந்தப் பக்கத்தையும் இணைக்கலாம். அக்ஸசரீஸ் கடைக்காரரும் பில்லில் பொருளின் பெயரோடு, சாலையில் பயன்படுத்த அனுமதி உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை போட வேண்டும். எனக்குக் காட்டிய பல்பு டப்பாவிலேயே பொடி எழுத்தில், பொதுச் சாலையில் பயன்படுத்த அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. டப்பா போடுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது, விற்கிறவருக்கும் தெரியும். பில் போடும்போது மட்டும் மறந்துபோகிறது.

இப்போதே செய்தால் நல்லது, ஏனென்றால் தனியார் காருக்கு 15 ஆண்டில் பதிவு முடிகிறது, புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன்னால் நிறுத்த வேண்டும். ஐந்தாறு கை மாறி வந்த கார்களின் கடைசி உரிமையாளர்கள் அங்கே போய் நிற்கும்போது, இதையெல்லாம் யார் மாட்டியது என்று கேட்டால் கைகாட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

புரோக்கருக்கு ஃபோன் செய்தேன். "அப்பவே பாத்துதானே சார் வாங்குனீங்க" என்றார். கழற்றிய புல் கார்டை எடைக்குப் போடலாம் என்று வைத்திருந்தேன், எதிர்வீட்டுத் தம்பி வந்து, அங்கிள், சும்மாதானே கிடக்கு, நம்ம வண்டிக்கு எடுத்துக்கட்டுமா என்றான். கொடுக்கவில்லை. இப்போது மொட்டை மாடியில் பாகல் கொடிக்குப் பந்தலாக நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
முடிச்சூர், சென்னை