ஷெரிஃப் மைக்கேல் ஹென்னஸிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மைக்கேல் ஹென்னஸி அவர்களுக்கு,

வணக்கம். 1980 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஷெரிஃபாகப் பொறுப்பேற்றீர்கள். 2012 ஜனவரியில்தான் இறங்கினீர்கள். எட்டுத் தேர்தல்கள், 32 ஆண்டுகள். அதற்கு முன்பு நீங்கள் போலீஸ்காரராக இருந்ததில்லை. ஜெயிலில் கிடப்பவர்களுக்குச் சட்ட உதவி செய்துவந்த வக்கீல். ஷெரிஃப் என்றாலே குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் என்று சினிமாவில் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது ஆச்சரியம்தான்.

ஆனால் உங்கள் ஊரில் அந்தப் பதவி என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம் போய்விடுகிறது. ரோந்து போவதும் குற்றவாளியைத் தேடிப் பிடிப்பதும் நகரப் போலீஸின் வேலை. ஷெரிஃபின் கையில் இருப்பவை கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஜெயில்கள், நீதிமன்றப் பாதுகாப்பு, நீதிமன்றம் உத்தரவிட்டால் வீட்டைக் காலி செய்ய வைப்பது. இதில் பெரிய பாரம் ஜெயில். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். ஜாமீன் கட்டப் பணம் இல்லாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் அதே தெருவுக்குத் திரும்பப் போகிறவர்கள். அவர்களை உள்ளேயிருந்து தெரிந்த ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது சரி என்றுதான் நான் நம்புகிறேன்.

கேத்தரின் ஸ்னீட் உங்கள் ஜெயிலில் ஆலோசகராக இருந்தவர். கடுமையான சிறுநீரக நோயோடு மருத்துவமனையில் கிடந்தபோது, கைதிகளை வெளியே கூட்டிப்போய்த் தோட்டம் போடலாமா என்று உங்களிடம் கேட்டார். சரி என்றீர்கள். 1982இல், நகருக்கு வெளியே உள்ள உங்கள் சான் புருனோ ஜெயில் நிலத்தில் அது தொடங்கியது. வேறொரு அதிகாரியாக இருந்தால் தப்பி ஓடிவிடுவார்கள், பாதுகாப்பு போதாது என்று நூறு காரணம் சொல்லியிருப்பார். விளைந்த காய்கறிகள் ஏழைகளுக்குப் போயின. விடுதலையானவர்களுக்கும் வேலை வேண்டுமே என்று பத்து வருடம் கழித்து வெளியிலும் ஒரு தோட்டத் திட்டத்தை ஸ்னீட் ஆரம்பித்தார்.

1997இல் வந்த திட்டம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வன்முறைக் குற்றத்துக்காக வந்த ஆண்களை ஒரே கூடத்தில் வைத்து, தாங்கள் செய்ததைத் தாங்களே வாய்திறந்து சொல்ல வைத்தீர்கள். வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களும் அங்கே வந்து, தங்களுக்கு நடந்ததை அவர்கள் முன் சொன்னார்கள். அடிதடி இல்லாத கூடமாக அது மாறியது. மனநல மருத்துவர்கள் ஜேம்ஸ் கில்லிகனும் பாண்டி லீயும் ஆராய்ந்து பார்த்தபோது, 16 வாரமாவது அதில் இருந்தவர்கள் வெளியே போனபின் வன்முறைக்காக மறுபடி கைதாவது, சாதாரண ஜெயில் கூடத்தில் இருந்தவர்களைவிட 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. கைதிகளுக்கு இரக்கம் காட்டினால் குற்றம் பெருகும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். அங்கே நடந்ததை வெறும் இரக்கம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. தான் அடித்த பெண்ணைப் போன்ற ஒருத்தியின் எதிரில் உட்கார்ந்து கேட்பது சுலபமான தண்டனையா?

2003இல் ஜெயிலுக்குள்ளேயே பெரியவர்களுக்கான உயர்நிலைப் பள்ளி திறந்தீர்கள். 2011இல், சிறு குற்றத்துக்குப் பிடிபட்டவர்களை, விடுதலையாக வேண்டிய நேரம் கடந்தும் குடியேற்றத் துறைக்காக அடைத்துவைக்க முடியாது என்று சொன்னீர்கள். இரண்டையும் பற்றித் தனித்தனியாக எழுத வேண்டும்.

இவ்வளவு மதிப்போடு எழுதுகிற நான் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். 1934இல் கட்டிய சான் புருனோ பழைய ஜெயிலுக்குப் பதிலாகப் புதுக் கட்டடம் வந்தது 2006இல். அதற்குள் 1990களில், கைதிகள் தொடுத்த வழக்கில், அந்தக் கட்டடத்தின் நிலை அரசியல் சட்டத்துக்கே விரோதமானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைதிகளுக்காக வாதாடிய வக்கீல், கைதிகள் வழக்குப் போடும் ஜெயிலின் பொறுப்பாளர் ஆகிவிட்டார். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்குவது ஷெரிஃபின் கையில் இல்லை; அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பதவியேற்ற நாளிலிருந்து 26 ஆண்டுகள் அந்தச் சுவர்களுக்குள் ஆட்களை அனுப்பும் உத்தரவுகளை நிறைவேற்றியது உங்கள் துறைதான்.

அந்த வருடங்களில் பதவியை விட்டுவிடலாம் என்று தோன்றியதா? உள்ளேயே இருந்தால்தான் தோட்டமும் பள்ளியும் நடக்கும் என்று கணக்குப் போட்டீர்களா? ஜெயில் துறையிலிருந்து வந்து இந்தப் பதவிக்குப் போட்டியிட நினைக்கும் இளைஞர்களுக்கு, உங்கள் வெற்றிகளைவிட இந்தப் பதில்தான் அதிகம் தேவைப்படும். நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பணியை மதிக்கும் ஒரு வாசகன்