ரோட்டுக்குப் போகிற சைக்கிளில் எதை மாற்றலாம், எதைக் கழற்றக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைக்கிளில் என்னென்ன உதிரிபாகங்களை மாற்றலாம் என்று உங்கள் வார இணைப்பில் வந்த நீளமான கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு விஷயம் தெரியும், அதில் சந்தேகமில்லை. கார்பன் ஹேண்டில்பார், எடை குறைந்த சக்கரம், பின்னால் 12 பல்சக்கரம், முன்னால் ஒன்றே ஒன்று என்று படிக்கிறவருக்கு ஆசை வரும்படியே எழுதியிருக்கிறார். ஆனால் இத்தனையையும் மாட்டி முடித்த பிறகு அந்த சைக்கிளைச் சட்டப்படி ரோட்டில் ஓட்டலாமா என்பதற்கு முழுக் கட்டுரையிலும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள், பிரேக் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சைக்கிளை 'அப்கிரேட்' செய்கிறவர்கள் முதலில் கழற்றுவது எதை என்று கவனித்திருக்கிறீர்களா? பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைத்தான். அப்புறம் ஸ்போக்ஸில் இருக்கும் மஞ்சள் துண்டுகள், அப்புறம் பெல், கடைசியாக மட்கார்டு. பார்க்க நன்றாக இல்லையாம், எடை கூடுதலாம். பாட்டிலில் இருந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தால் குறைந்துவிடுகிற எடை அது! இதில் வேடிக்கை என்னவென்றால், மட்கார்டை விட்டுவிட்டால் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதே சாமான்களைத்தான். 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் 44-ஆம் பிரிவு சைக்கிளுக்கு விதிப்பது மிகக் கொஞ்சம்: ஒழுங்காகப் பிடிக்கும் பிரேக், போதுமான தூரத்துக்குக் கேட்கும் பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் வெளிச்சமும் பின்னால் சிவப்பு வெளிச்சமும் காட்டுவதற்கு வழி. அவ்வளவுதான். கியர் எத்தனை, ஃபிரேம் எந்த உலோகம் என்றெல்லாம் அது கேட்கவே இல்லை. இன்னொன்று, பெல்லைத் தவிர வேறு எந்த ஒலிக் கருவியும் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது, அதாவது இப்போது பலரும் ஆசையாக வாங்கி மாட்டுகிற, லாரி மாதிரி அலறும் மின்சார ஹாரனுக்கு அங்கே இடமில்லை.

இதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் இதழை இணையத்தில் பல நாடுகளில் இருந்து படிக்கிறோம், அதனால் ஒரே நாட்டுச் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை, தான் இருக்கிற இடத்து விதியை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பதுதான் வழி. உதாரணத்துக்கு பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் இருக்க வேண்டும். பெடலும் சக்கரமும் சேர்ந்தே சுற்றும் ஃபிக்ஸி சைக்கிளில் பின்சக்கரத்தைக் காலால் அடக்க முடியும் என்பதால் பிரிட்டன் அதை ஒரு பிரேக்காக ஒத்துக்கொள்கிறது, ஆனால் முன்பிரேக் கட்டாயம். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் குறைந்தது ஒரு கைபிரேக்காவது இல்லாத சைக்கிளை ஓட்டக் கூடாது. பிரேக்கே இல்லாத ஃபிக்ஸியைப் படம் எடுத்து அழகு என்று போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

சரி, பிரேக் இருக்கிறது. அது பிடிக்கிறதா? சட்டம் பேசுவது ஒழுங்காகப் பிடிக்கும் பிரேக்கைப் பற்றி, பெயருக்கு மாட்டியிருக்கும் பிரேக்கைப் பற்றி அல்ல. உதிரிபாகம் தேர்ந்தெடுப்பதில் அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். பிரேக் லீவர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். இல்லை. லீவரை அழுத்தும்போது அது கேபிளை எவ்வளவு தூரம் இழுக்கிறது என்பதில் இரண்டு சாதி உண்டு. ரிம்முக்கு இரு பக்கமும் நெட்டையாக இரண்டு கைகள் நிற்கும் வி-பிரேக்குக்குக் கேபிள் அதிகமாக இழுபட வேண்டும். மேலிருந்து வளைந்து வந்து கவ்வும் காலிப்பர் பிரேக்குக்கு அதில் ஏறத்தாழ பாதி இழுப்பே போதும். காலிப்பருக்கான லீவரை வி-பிரேக்கில் மாட்டினால் பஞ்சை அழுத்துவது போல இருக்கும். பிரேக் கட்டையை ரிம்மோடு ஒட்டவைத்து எப்படியோ சமாளிப்பார்கள், கட்டை கொஞ்சம் தேய்ந்ததும் லீவர் நேராக ஹேண்டில்பாரில் போய் முட்டும், அதற்கு மேல் அழுத்த இடமே இருக்காது. இதைவிட ஏமாற்றுவது தலைகீழாக மாட்டியது. வி-பிரேக்குக்கான லீவர், காலிப்பர் பிரேக். கையில் பிடித்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், லேசாகத் தொட்டதும் கட்டை ரிம்மில் உட்கார்ந்துவிடும், கடைக்காரரும் "பாருங்க, எவ்வளவு ஷார்ப்பா இருக்கு" என்பார். ஆனால் விரல் வலிக்க வலிக்க அழுத்தினாலும் வண்டி நிற்காது, ஏனென்றால் அந்த லீவர் கேபிளைத் தூரமாக இழுக்கிறதே தவிர பலமாக இழுப்பதில்லை. சைக்கிளை நிறுத்திவைத்து லீவரை அமுக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, உருட்டிக்கொண்டு போய்ப் பிடித்தால்தான் தெரியும்.

டிஸ்க் பிரேக்குக்கு மாறுகிறவர்களுக்கும் இதே கதைதான், வேறு வேஷத்தில். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இத்தனை மில்லிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க் தட்டு வரைதான் தாங்கும் என்று அதைச் செய்த நிறுவனமே சொல்லியிருக்கும். 160-க்குப் பதில் 203 போட்டால் நன்றாக நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது, கூடுகிற விசை முழுவதும் ஃபோர்க்கின் கால் மேல்தான் இறங்கும். ஆயில் பிரேக் என்றால் எந்த ஆயில் என்று பாருங்கள். ஷிமானோவின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், வேறு சில பிரேக்குகளுக்கு கார் பிரேக்கில் ஊற்றும் டாட் (DOT) திரவம். ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுப்போகும். தட்டும் தேயும். ஷிமானோ தட்டுகளை உற்றுப் பார்த்தால் 1.5 மில்லிமீட்டர்தான் குறைந்தபட்சத் தடிமன் என்று சின்ன எழுத்தில் பொறித்திருப்பார்கள். புதிதாக வாங்கும்போது அது 1.8. வித்தியாசம் வெறும் 0.3 மில்லிமீட்டர், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

பழைய சைக்கிளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒன்று. பளபளக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம் இருந்தால், கியருக்குச் செலவு செய்ய நினைக்கும் பணத்தை அலுமினிய ரிம்முக்குக் கொடுத்துவிடுங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டு போகும், நிற்கும் தூரம் பயப்படுகிற அளவுக்குக் கூடும், அலுமினியம் அந்த அளவுக்கு மோசமில்லை. அலுமினியத்துக்கு அதன் குறை உண்டு, பிரேக் கட்டை அதை நாளடைவில் அரித்துக் குழியாக்கும். ரிம்மின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தடவினால் உள்வாங்கி இருக்கிறதா என்று தெரியும். பல ரிம்களில் தேய்மானம் பார்க்க ஒரு சிறு பள்ளம் அல்லது கோடு கொடுத்திருப்பார்கள், அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது, அதற்கு மேல் ஓட்டினால் டயர் காற்றின் அழுத்தத்திலேயே அது பிளந்துகொள்ளலாம். முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின்பிரேக்கை மட்டுமே நம்புகிறவர்கள் நிறைய. பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின்பிரேக் தருவது முன்பிரேக் தருவதில் பாதி தேறினால் அதிகம். ஆகவே நல்ல பாகம் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது முன்பக்கத்துக்கே போகட்டும். எந்தக் கை லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதும் ஊருக்கு ஊர் மாறும், பிரிட்டனில் வலக்கை முன்பிரேக், அமெரிக்காவில் இடக்கை. வேறு நாட்டில் வாங்கிய சைக்கிள் என்றால் ஏறுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

அடுத்து விளக்கு. எத்தனை லூமன் என்பதில்தான் எல்லோருக்கும் கண். லூமன் என்பது விளக்கில் இருந்து மொத்தமாக வெளிவரும் ஒளி, அதில் பாதி எதிரே வருகிறவர் முகத்திலும் மரக்கிளையிலும் விழுந்தால் யாருக்கு லாபம்? ரோட்டில் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ் கணக்கு. ஜெர்மனியில் இதனால்தான் மேற்பக்கம் வெட்டிவிட்ட ஒளிக்கற்றை உள்ள விளக்கைக் கேட்கிறார்கள், ஒப்புதல் பெற்ற விளக்கில் அலைக்கோட்டை அடுத்து 'கே' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும், விட்டு விட்டு எரியும் முன்விளக்குக்கு அங்கே அனுமதி இல்லை. பிரிட்டனிலோ நிமிடத்துக்கு 60-இல் இருந்து 240 முறை வரை சிமிட்டலாம். ஒரே விளக்கு ஒரு நாட்டில் சரி, இன்னொன்றில் தப்பு. எந்த நாடாக இருந்தாலும் இதைச் செய்து பாருங்கள்: இருட்டியதும் சைக்கிளைச் சுவருக்கு எதிரே சற்றுத் தள்ளி நிறுத்தி முன்விளக்கைப் போடுங்கள், சுவரில் விழும் வெளிச்சத்தின் நடு விளக்கின் உயரத்தைவிடக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்புளியை எடுங்கள். அப்படியே பின்னால் போய் நின்று சிவப்பு விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். சீட்டுக்குக் கீழே கட்டிய விளக்கைப் பையோ மழைக்கோட்டின் தொங்கலோ பாதி மூடியிருக்கும், ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

விளக்கு இருக்கிறதே, ரிஃப்ளெக்டர் எதற்கு என்று கேட்பார்கள். சார்ஜ் தீர்ந்தால் விளக்கு அணையும், ரிஃப்ளெக்டருக்கு அந்தக் கவலை இல்லை. அதிலும் பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் மேலும் கீழும் ஆடுவதால் காரில் வருகிறவருக்கு அது சைக்கிள் என்று உடனே புரிந்துவிடும். பிரிட்டனில் 1985 அக்டோபருக்குப் பிறகு செய்யப்பட்ட சைக்கிளை இரவில் ஓட்டினால் பெடல் ரிஃப்ளெக்டர் கட்டாயம், ஆனால் ஷூவைப் பூட்டிக்கொள்ளும் விலை உயர்ந்த பெடல்கள் பலவற்றில் அதை மாட்டவே இடம் கிடையாது! உங்கள் கட்டுரையாளர் சிபாரிசு செய்ததும் அந்த வகைப் பெடலைத்தான். ஸ்போக்ஸில் மஞ்சள் துண்டு பிடிக்கவில்லையென்றால் பக்கவாட்டில் வெள்ளை வளையம் போட்ட ரிஃப்ளெக்டிவ் டயர் வாங்கலாம், ஜெர்மானியச் சட்டமே அதை ஏற்கிறது, பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

டயர் என்றதும் நினைவுக்கு வருகிறது, 26 இஞ்ச் என்று கேட்டு வாங்காதீர்கள். 26 என்ற பெயரில் ரிம்மில் உட்காரும் விட்டம் 559, 571, 584, 590 என்று பல விதமாக இருக்கிறது, ஒன்று இன்னொன்றில் ஏறாது. 28 என்றால் 622-ஆகவும் இருக்கலாம், 635-ஆகவும் இருக்கலாம். டயரின் பக்கத்தில் 37-622 என்பது போல ஒரு ஜோடி எண் இருக்கும், முதலாவது அகலம், இரண்டாவது விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அதை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். அகலமான டயர் போட ஆசைப்பட்டால் ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயின், கியர், பல்சக்கரம் எல்லாம் உங்கள் கட்டுரையில் பக்கம் பக்கமாக வந்துவிட்டது, நான் சேர்க்க அதிகம் இல்லை. செயினில் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டிய நீளம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், பலத்தைக் காட்டித் திருகி கிராங்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சீட்டுத் தண்டு குறைந்தது எவ்வளவு உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்று காட்டும் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது.

கட்டுரையின் கடைசியில், சாதாரண சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டிக்கொள்ளலாம், 1000 வாட் கூடக் கிடைக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். உண்மையில் எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 250 வாட்டுக்குள், பெடல் மிதிக்கும்போது மட்டும் உதவி, 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உதவியும் நின்றுவிட வேண்டும் என்றால்தான் அது சைக்கிள். இந்தியாவிலும் பதிவு இல்லாமல் ஓட்டக்கூடிய மின்வண்டிக்கு இதே 250 வாட், 25 கிலோமீட்டர்தான் எல்லை. எல்லையைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம், பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்பார்கள், இது எதுவும் இல்லாமல் யார் மீதாவது மோதினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தை விடுங்கள். மிதித்துப் போகும் வேகத்துக்குச் செய்த ஃபோர்க்கில் பலமான மோட்டார் சக்கரத்தை மாட்டினால், அச்சு தன்னைத்தானே திருகிக்கொண்டு ஃபோர்க்கின் வாயைப் பிளந்து வெளியே வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புத் துண்டு உண்டு, சில கிட்டுகளோடு அது வருவதே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உதிரிபாகம் பற்றி எழுதும்போது விலையும் எடையும் போடும் கட்டத்திலேயே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: இது எந்த லீவரோடு, எந்த ரிம்மோடு பொருந்தும், ரோட்டில் ஓட்டும் சைக்கிளில் இதை மாட்டலாமா கூடாதா. மோட்டார் கிட் பற்றி எழுதினால், பொதுச் சாலைக்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பெட்டியின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, இருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். அந்த 1000 வாட் வரிக்கு மட்டும் வரும் வாரமே ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தினமும் சைக்கிளில் போய்வரும் ஒரு வாசகர்